பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

குணாளனுக்குப் பாம்புக் காது. ஜோகூரில் செனாய்ப் பக்கம் உருமி அடிக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மழை நாளில் தோல் கொஞ்சம் தளர்ந்தால் போதும், விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு எந்தப் பக்கம் கயிற்றை இழுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். குழுவே சேர்ந்து முழக்கும்போது ஒருவன் அரைத் தாளம் பிந்தினால், திரும்பிப் பார்க்காமலே அவன் பேரைச் சொல்லி அதட்டுவான். அப்பேர்ப்பட்ட காதில் வீட்டில் பெண்டாட்டி சொன்னது மட்டும் ஏறவில்லை. ஏறாமல் என்ன, ஏறத்தான் செய்தது. ஏறிய பிறகு அதை அவன் வேறொன்றாக்கிக்கொண்டான்.

வாரநாட்களில் அவனுக்குச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. சனி, ஞாயிறு என்றால் குழுவின் பேரை முதுகில் அச்சடித்த கருஞ்சிவப்பு டீ-சட்டையை மாட்டிக்கொண்டு, தவில் அடிக்கும் காளிதாஸின் வேனில் ஏறிவிடுவான். மனைவி கஸ்தூரி எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். கண்தான் அவளுக்குச் சோறு போட்டது.

கஸ்தூரி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ஆயர் ஈத்தாமில் இருந்த அவள் அம்மா கடைசிவரை சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அந்த அம்மாவுக்குப் பயம். கஸ்தூரிக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது, அம்மாவைக் கேலிகூடச் செய்வாள். ஆனாலும் அவளுக்கும் நாக்கு எழும்பவில்லை. வீட்டில் ‘என்னங்க’, வெளியில் மகள் பேரைச் சேர்த்து ‘ஷர்மினிப்பா’. அரசாங்க அலுவலகத்தில் கணவர் பெயர் என்னவென்று கேட்டால் அவனுடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவாள், கவுண்டரில் இருக்கிற மலாய்ப் பெண் சிரித்துக்கொண்டே படித்துக்கொள்வாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

தீபாவளி முடிந்த கையோடு ஒரு நாள், வேலைவிட்டு வந்தவள் கூடத்தில் நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சாமி படத்தைப் பார்த்தாள். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். குங்குமம் ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் இன்னொரு கண்ணுக்கு வெளுத்துப்போயும் தெரிகிறது என்றாள். குணாளன் தரையில் உட்கார்ந்து உருமியின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். நைட் ஷிப்டு பார்த்த கண் அப்படித்தான் இருக்கும், படுத்துத் தூங்கு என்றான்.

தூங்கி எழுந்தும் சரியாகவில்லை. இடது கண்ணில் புகை படிந்ததுபோல ஆனது, கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனான். கடைக்காரர் சோதித்துவிட்டு, இது கண்ணாடி போட்டுத் தீரும் சமாச்சாரமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். ஜோகூர் பாருவில் ஜனவரிக்குத் தேதி கொடுத்தார்கள். அன்றைக்கே குணாளன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டான். ஆத்தா, இவள் கண்ணைத் திறந்துவிடு, சித்திரைத் திருவிழாவில் பால்குடம் எடுப்பாள், வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன் என்றான். அழுதுகொண்டுதான் வேண்டினான். பெண்டாட்டி மேல் அவனுக்குப் பாசம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை.

ஆஸ்பத்திரித் தேதி வருவதற்குள் கண் தெளிந்துவிட்டது. முழுசாக இல்லை, சிவப்பு இன்னும் பழைய சிவப்பாக இல்லை, எதற்கும் ஒரு தடவை காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று கஸ்தூரி சொல்லிப் பார்த்தாள். ஆத்தா கண்ணைக் கொடுத்த பிறகு டாக்டரிடம் போய்ச் சரிபார்க்கிறதா என்று குணாளனுக்குக் கோபமே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று அவனே சொல்லிவிட்டான். அந்த வாரமே பாசாரில் இருந்த நகைக்கடையில் கண்மலர் வாங்கினான். அம்மன் கண்ணின் மேல் அது மின்னியதைப் பார்த்து இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சித்திரைக்கு முன்னால் விரதம் ஆரம்பித்தபோது இன்னொன்று வந்தது. சாமி கும்பிடத் தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கால்வரை கரண்டு அடித்தமாதிரி ஓடியது. நிமிர்ந்தால் நின்றுவிட்டது. முதல் தடவை பயந்துபோய்க் கஸ்தூரி குத்துவிளக்கைத் தட்டிவிட்டாள். குணாளனிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படியே பூரித்துப்போனான். எப்போது வருகிறது என்று கேட்டான். தலை குனியும்போது என்றாள். எங்கே குனியும்போது என்று கேட்டான். சாமிக்கு முன்னால் என்றாள். அலுமாரியில் கீழ்த்தட்டைப் பார்க்கக் குனிந்தாலும் வருகிறது, செருப்பு மாட்டக் குனிந்தாலும் வருகிறது என்று அவள் அடுத்துச் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேனில் போகும்போது காளிதாஸிடம் பெருமையாகச் சொன்னான், கோயில் பூசாரி அய்யாவுவிடமும் சொன்னான். இந்த வருஷம் ஆத்தா உன் வீட்டில்தான் இறங்கப்போகிறாள் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

பழைய எஸ்டேட் கோயில் அது. ரப்பர் போய், செம்பனை வந்து, செம்பனையும் பாதி போய் வீடமைப்பு வந்துவிட்டது, கோயில் மட்டும் அசையவில்லை. திருவிழா அன்று ஊர்வலம் கிளம்புவதற்கே நேரமாகிவிட்டது. பத்து மணி வெயிலில் தார் ரோடு கொதித்தது. மஞ்சள் சேலை கட்டி, தலையில் பால்குடத்தோடு பெண்கள் வெறுங்காலில் வரிசையாக வந்தார்கள். முன்னால் உருமி மேளம். குணாளன் பின்பக்கமாக நடந்து, பெண்களைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டு போனான். அது அவன் தொழில் முறை. அருள் முதலில் காலில்தான் தெரியும். யாருக்காவது கால் நடுங்கினால் உருமிக்காரன் விடக்கூடாது, கிட்டே போய், தாளத்தை இறுக்கி, வேகத்தைக் கூட்டி, உள்ளே இருப்பதை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அவனளவுக்கு அதில் கெட்டிக்காரன் ஜோகூரிலேயே கிடையாது என்று பேச்சு.

கடைத் தெருவைத் தாண்டியதும் கஸ்தூரியின் இடது கால் நடுங்கியது.

குணாளன் பார்த்துவிட்டான். காளிதாஸுக்குக் கண்ணைக் காட்டினான். மேளம் மொத்தமும் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டது. வளைந்த குச்சியை அவன் தோலில் தேய்க்கத் தேய்க்க உருமி அடிவயிற்றிலிருந்து உறுமியது. அவள் கண்கள் எங்கோ பார்த்தன. யாரோ ஓர் அம்மாள் பால்குடத்தை வாங்கிக்கொண்டாள். கஸ்தூரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினாள். வாய் எதையோ சொல்லியது, மேளத்தில் கேட்கவில்லை. பிறகு அவள் தொண்டை கிழியக் கத்தினாள், அது கேட்டது.

“குணாளன்! குணாளன்!”

கூட்டத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. கஸ்தூரி புருஷன் பேரைச் சொல்லாதவள் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். அப்படியென்றால் பேர் சொல்லிக் கூப்பிடுவது யார்? பூசாரி அய்யாவு கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

“ஆத்தா உன் பேரச் சொல்லிக் கூப்புடுறாடா. அடி, விடாத.”

குணாளன் அடித்தான். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிய, அவள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று அடித்தான். அவள் கூப்பிடக் கூப்பிட வேகத்தைக் கூட்டினான். அவன் வாழ்க்கையிலேயே அப்படி அடித்ததில்லை. கடைசியில் அவள் வெட்டிச் சாய்த்ததுபோல ரோட்டில் விழுந்தாள். வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து மிரள மிரளப் பார்த்தாள். சாமி மலையேறிவிட்டது என்று எல்லாரும் குலவை போட்டார்கள். மெதுவாக எழுந்து உட்கார்ந்தவள் குணாளனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது என்னவென்று அவனுக்கு அன்று தெரியவில்லை. அவன் விழுந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

அதற்கப்புறம் அவள் இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். அருள் இறங்கின உடம்பு, அசதி இருக்கும் என்றான் குணாளன். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தூரத்து உறவுக்காரப் பெண் ஒருத்தி, பழத்தட்டோடு குறி கேட்க வந்துவிட்டாள். எனக்குள் யாரும் வரவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கஸ்தூரி அவளைத் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு வீட்டில் சண்டை. அப்படிச் சொல்லாதே, ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அவன் அதட்டினான். அதோடு கஸ்தூரி அவனிடம் உடம்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஃபேக்டரியில் ஒரு நாள் கையிலிருந்த தட்டு நழுவிப் பலகைகள் தரையெல்லாம் சிதறின. விரல் தட்டைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் தோழி அவளைக் கழிவறைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டாள். கஸ்தூரியின் புருஷனுக்குப் போன் போடலாமா என்று யோசிக்கக்கூட இல்லை. லைன் லீடரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். முதலில் கிளினிக், அங்கே டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குணாளன் கிடங்கிலிருந்து ஓடி வந்தபோது கஸ்தூரி வார்டில் படுத்திருந்தாள். தோழி அவனை வெளியே கூட்டிப் போனாள்.

“கண்ணு போனப்பவே ஏன்ணே காட்டல? இவ்ளோ நாளா என்னதான் பண்ணீங்க?” என்று கேட்டாள். அவன் வேண்டுதலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்.

தலையையும் முதுகெலும்பையும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், ரத்தத்தை எங்கெங்கோ அனுப்பினார்கள். எல்லா முடிவும் வந்த பிறகு நரம்பு டாக்டர் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். இளம் வயது மலாய்ப் பெண். நிதானமாக, புரிகிற மலாயில் பேசினார். இதன் பேர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பு தன் நரம்பையே எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. கரண்டுக் கம்பிக்கு மேலே உறை இருக்கிறதல்லவா, அதுபோல நரம்புக்கும் உண்டு, அந்த உறை அங்கங்கே அரித்துப்போயிருக்கிறது. முற்றிலும் தீர்க்க மருந்து இல்லை, ஆனால் புதிதாகத் தாக்காமல் தடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. சொல்லிவிட்டு அவர் ஆரம்பத்திலிருந்து கேட்டார். முதலில் எது வந்தது?

கஸ்தூரி சொன்னாள். ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்தது, கண்ணை உருட்டினால் வலித்தது. டாக்டர் தலையை ஆட்டினார், அதுதான் முதல் தாக்குதல். தலை குனிந்தால் கரண்டு அடித்தது. டாக்டர் அதற்கும் தலையை ஆட்டினார், கழுத்துத் தண்டுவடத்தில் புண் இருந்தால் அப்படித்தான் அடிக்கும். குணாளன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டான். எல்லாம் அவன் ஏற்கெனவே கேட்டதுதான். அவன் வீட்டுக் கூடத்தில், கயிறு முறுக்கிக்கொண்டு, காதால் கேட்டது.

உடம்பு சூடானால் பழைய புண் இருக்கிற நரம்பு கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் போகும், வெயிலில் எப்போதாவது திடீரென்று கண் மங்கியதா, கால் விட்டுப்போனதா என்று டாக்டர் கேட்டார். குணாளன்தான் ஆரம்பித்தான், கோயில் திருவிழாவில் ஒரு தடவை என்று. அருள் என்பதற்கு மலாயில் வார்த்தை கிடைக்காமல் திணறினான். அப்போது கஸ்தூரி அவன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

“எனக்கு அருள் வரல. கண்ணு தெரியல, கால் நிக்கல. என்னங்க, என்னங்கன்னு கத்துனேன், நீங்க கேக்கல. அங்க எல்லாப் பொம்பளையும் என்னங்கன்னுதானே கூப்பிடுவாங்க. அதான் பேரச் சொன்னேன். இவ வாயில பேரு வந்தா ஏதோ ஆபத்துன்னு ஓடி வந்து புடிப்பீங்கன்னு நெனச்சேன்.”

குணாளன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

“நீங்க அடிச்சீங்க” என்றாள்.

டாக்டர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் காத்திருந்தார். கஸ்தூரி அவர் பக்கம் திரும்பி, ஆமாம் டாக்டர், ஒரு நாள் வெயிலில் கண் மங்கி விழுந்தேன், தலையில் தண்ணீர் ஊற்றியதும் தெளிந்தது என்று மலாயில் இரண்டே வரியில் முடித்துவிட்டாள். மேளத்தையும் சொல்லவில்லை, அவனையும் சொல்லவில்லை. அவனைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

கிளம்பும்போது அவன் கதவருகே நின்று, ஜனவரியிலேயே வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டான். அவர் பூசி மெழுகவும் இல்லை, குத்திக் காட்டவும் இல்லை. அப்போதே தேடியிருப்போம், அநேகமாகக் கண்டுபிடித்திருப்போம், மருந்தையும் அப்போதே ஆரம்பித்திருப்போம். கால் இந்த அளவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இருந்திருக்கலாம் என்ற அந்த வார்த்தையை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். இன்றைக்கும் அது அவனோடுதான் இருக்கிறது.

மருந்து வேலை செய்தது. கை பெரும்பாலும் திரும்பிவிட்டது, கண் மேற்கொண்டு மோசமாகவில்லை. இடது கால் மட்டும் பழைய காலாக ஆகவில்லை. ஊன்றுகோல் பிடித்து நடக்கிறாள், வெயில் ஏறினால் கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். பூதக்கண்ணாடி வேலையைவிட்டு ஃபேக்டரி அலுவலகத்தில் ஏதோ கொடுத்திருக்கிறார்கள். குணாளன் சமைக்கிறான், துணி துவைக்கிறான், மாதா மாதம் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். உடம்புக்கு ஏதாவது ஆனால் என் பேரைச் சொல்லிக் கத்து, எங்கே இருந்தாலும் வந்துவிடுவேன் என்றான். கெஞ்சித்தான் கேட்டான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

உருமியை மூட்டை கட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டான். ஆத்தாவை அவன் குறை சொல்லவில்லை, ஆனால் அவளிடம் எதையும் கேட்பதில்லை. மறு சித்திரை வந்தபோது காளிதாஸ் வந்து உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றான். நீ இல்லாமல் ஊர்வலம் எடுபடாது, ஒரே ஒரு நாள் வா லா என்று மன்றாடினான். போயிட்டுத்தான் வாங்களேன் என்று கஸ்தூரியே சொல்லிவிட்டாள். குணாளனுக்குச் சபலம் தட்டியது.

திருவிழாவன்று காலையில் கூடத்தில் உட்கார்ந்து தூசியைத் துடைத்தான். தோல் காய்ந்துபோய் இறுகியிருந்தது. கயிற்றைத் தளர்த்தி, விரலால் தட்டி, பிறகு குச்சியை எடுத்து மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தான். கை தானாக ஓட ஆரம்பித்தது. பல மாசப் பசி. எவ்வளவு நேரம் அடித்தான் என்று தெரியவில்லை. மூச்சுவாங்க நிறுத்தியபோதுதான் சமையலறைப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது, கம்மிப்போய், ரொம்ப நேரமாகக் கூப்பிட்டு அலுத்த குரல்.

“என்னங்க.”

ஓடினான். அடுப்புச் சூட்டில் கால் விட்டுப்போய்க் கஸ்தூரி தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஊன்றுகோல் எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. முழங்கையில் சிராய்ப்பு. அவன் துண்டை நனைத்து அவள் கழுத்தில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பேரச் சொல்லிக் கூப்புடுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன் கஸ்தூரி? பேரச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருக்கமாட்டேனா?”

அவள் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை, யாருக்கோ வழி சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

“பேரச் சொன்னா நீங்க வரமாட்டீங்க. மேளந்தான் வரும்.”

வாசலில் காளிதாஸ் வேனை நிறுத்தி ஹார்ன் அடித்தான். ஒரு தடவை அடித்தான், மறுபடியும் அடித்தான். குணாளனுக்கு நன்றாகக் கேட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.